எது எதைக் கீறும்?

ஆங்கிலப் பேச்சில் 'ஹார்டர்' என்ற சொல் பல வேலை பார்க்கிறது. போன ஆண்டைவிட இந்த ஆண்டுக் கேள்வித்தாள் ஹார்டர் என்பார்கள். பஞ்சு மெத்தையைவிடத் தேங்காய்நார் மெத்தை ஹார்டர் என்பார்கள். கனிமவியலாருக்கு அந்தத் தாராளம் கிடையாது. இரண்டு கற்களை உரசும்போது எது மற்றதைக் கீறுகிறதோ, அதுவே அவர்களுக்குக் கடினமானது.

இந்த விதியை அளவுகோலாக்கியவர் ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ். 1812இல் பத்துக் கனிமங்களை அவர் வரிசைப்படுத்தினார். முகப்பவுடருக்கு அரைக்கப்படும் டால்க்குக்கு 1, கால்சைட்டுக்கு 3, மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸுக்கு 7, குருந்தத்துக்கு 9, வைரத்துக்கு 10. மாணிக்கமும் நீலக்கல்லும் குருந்தத்தின் வகைகளே.

இந்த எண்கள் வரிசையை மட்டுமே சொல்கின்றன. ஓட்டப் பந்தயத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதால் இருவருக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்று தெரியாதல்லவா? வைரத்துக்கும் குருந்தத்துக்கும் ஒரு படிதான் வித்தியாசம். ஆனால் கருவிகளால் அளந்தால் வைரம் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினம். அப்படியிருந்தும் 200 ஆண்டுகளைத் தாண்டி மோஸின் முறை நிலைத்திருக்கிறது. காரணம், மலையடிவாரத்தில் நின்றுகொண்டே செய்துவிடலாம். கைவிரல் நகம் சுமார் 2.5, செம்பு 3, பேனாக்கத்தி 5.5. கால்சைட்டும் குவார்ட்ஸும் வெள்ளையாக, பார்வைக்கு ஒன்றுபோலவே கிடக்கும். கத்தி முனையால் இழுத்தால் கால்சைட்டில் பள்ளம் விழும். குவார்ட்ஸிலும் ஒரு கோடு தெரியலாம். அது கத்தியிலிருந்து உதிர்ந்த உலோகத் துகள், விரலால் தேய்த்தால் போய்விடும். துடைத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது. இவ்வளவு சிக்கனமான சோதனை அறிவியலில் அபூர்வம் என்பேன்.

கடினமானது உடையாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. கீறலை எதிர்ப்பது வேறு, அடியைத் தாங்குவது வேறு. வைரப் படிகத்தில் எளிதில் பிளவுபடும் தளங்கள் உண்டு. சுத்தியலால் அடித்தால் பிளந்துபோகும். உண்மையான வைரமா என்று அடித்துப் பார்ப்பது வைரத்தை இழக்கும் வழி.

வீட்டிலும் இந்த வரிசை உதவும். தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி அதைவிட மென்மையானது. ஆகவே மூக்குக்கண்ணாடியை முதலில் தண்ணீரில் அலசி, பிறகு துடையுங்கள். முத்தின் கடினம் 5ஐக்கூட எட்டாது. முத்துமாலையையும் வைரத் தோட்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.