கையொப்பத்துக்குச் சாட்சி யார்?

ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் வாழும் நண்பரொருவரின் இல்லத்துக்கு அண்மையில் சென்றிருந்தோம். அவருடைய 14 வயது மகன் இரண்டு ஹொக்கி அட்டைகளை மேசைமீது வைத்து எம்மிடம் நியாயம் கேட்டான். இரண்டிலும் ஒரே வீரரின் கையொப்பம் இருந்தது. ஒன்று, கடையில் வாங்கிய பொதியினுள்ளிருந்து கிடைத்தது. மற்றையது, விளையாட்டரங்கின் பின்வாசலில் தந்தையுடன் 2 மணி நேரம் பனியில் நின்று நேரிற் பெற்றது.

"மாமா, அவர் எழுதினதை நான் என்ர கண்ணால பாத்தனான். ஆனா கடைக்காரர் இதுக்குப் பாதி விலையும் தரமாட்டாராம். ஏன்?"

பிள்ளையின் கேள்வி நியாயமானதே. இந்நாட்டில் வளரும் எமது பிள்ளைகள் பலர் இவ்வட்டைகளிற் கைச்செலவுப் பணத்தைப் போடுகின்றனர். பெற்றோரோ இது வெறுங் கடதாசி என்று கடிந்துகொள்கின்றனர். எனவே, சேகரிப்போர் எதனை மதிக்கின்றனர், எதனை ஒதுக்குகின்றனர் என்பதை இங்கு ஆராய்வது பயனுடையது.

ஒரு காலத்தில், அட்டைமேல் மையால் எழுதுவது அதனைப் பழுதாக்குவதெனக் கருதியோரும் இருந்தனர். அந்நிலையை மாற்றிய நிகழ்வுகளுள் ஒன்று 1990இல் இடம்பெற்றது. அமெரிக்காவின் அப்பர் டெக் நிறுவனம், புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் ரெஜி ஜக்சன் கையொப்பமிட்டு இலக்கமிடப்பட்ட 2,500 அட்டைகளைச் சாதாரணப் பொதிகளுக்குள் கலந்து விற்றது. கையொப்பத்துக்கு நிறுவனமே பொறுப்பேற்கும் வழக்கம் அதன்பின் பரவியது. இன்று இவ்வட்டைகளுட் சில பெருஞ் செல்வமாகிவிட்டன. கூடைப்பந்தாட்ட வீரர்கள் மைக்கல் ஜோர்டன், கோபி பிரயன்ட் இருவரும் ஒப்பமிட்ட ஓர் அட்டை 2025 ஆகஸ்டில் 1 கோடியே 29 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது.

ஆயினும் எல்லாக் கையொப்பங்களும் ஒரு தரமானவையல்ல. சேகரிப்போர் முதலிடம் வழங்குவது, வீரர் அந்த அட்டையையே கையில் எடுத்து அதன் மேலேயே எழுதிய ஒப்பத்துக்காகும். இதற்காக அட்டைகள் வீரரிடம் அனுப்பப்பட்டு மீண்டு வரவேண்டும். வழியில் மூலை மடங்கலாம், மை கலையலாம், வீரர் காலந் தாழ்த்தலாம். தாமதமானால் பொதிக்குள் அட்டைக்குப் பதிலாக ஒரு மாற்றுச் சீட்டே இருக்கும். அதனைப் பதிவுசெய்துவிட்டு மாதக் கணக்கிற் காத்திருப்போரின் மனக்குறை பெரிது. சீட்டுக்கு முடிவுத் திகதி உண்டென்பதையும் கவனித்தல் வேண்டும்.

இத்தொல்லையைத் தவிர்க்க நிறுவனங்கள் கண்ட வழியே ஸ்டிக்கர். ஒளிபுகும் சிறு ஒட்டுத்தாள்கள் நிறைந்த தாளில் வீரர் வரிசையாக ஒப்பமிட்டுக் கொடுப்பார். பின்னர் நிறுவனம் விரும்பிய அட்டையில் அவற்றை ஒட்டிக்கொள்ளும். கையொப்பம் உண்மையானதே. ஆனால் வீரரின் கை அந்த அட்டையைத் தொட்டதில்லை. அது எந்த அட்டையிற் சேரும் என்பதும் அவருக்குத் தெரியாது. ஒப்பத்தின் வால் ஒட்டுத்தாளின் விளிம்போடு அறுந்து நிற்பதும் உண்டு. எனவே ஏனைய யாவும் சமமாயின், ஸ்டிக்கர் அட்டையின் விலை பெரும்பாலும் குறைவே.

மூன்றாவது வகை மறைந்தவர்களுடையது. பேஸ்போல் மேதை பேப் ரூத் 1948இற் காலமானார். அத்தகையோரின் பழைய கடிதம், காசோலை போன்றவற்றிலிருந்து கையொப்பத்தை மட்டும் வெட்டியெடுத்து அட்டைக்குள் பதிக்கின்றனர். அரியதென இதனைப் போற்றுவோர் பலர். ஓர் அட்டைக்காக ஒரு முழு ஆவணத்தை அழிப்பதா என மனம் நோவோரும் உளர். ஊரில் நூல்களும் ஏடுகளும் எரிந்ததை அறிந்த நாம் பின்னவர் பக்கமே சாய்கிறோம்.

இனி, மகன் பனியில் நின்று பெற்ற கையொப்பத்துக்கு வருவோம். சந்தை அதனை நம்பத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. 1990களில் அமெரிக்க எவ்.பி.ஐ. மேற்கொண்ட 'ஒப்பரேஷன் புல்பென்' விசாரணை, போலிக் கையொப்பங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்த கூட்டமொன்றை அம்பலமாக்கியது. அன்னை திரேசா கையொப்பமிட்டதாகக் கூறும் பேஸ்போல் பந்துகள்கூட அகப்பட்டன! அதன்பின் வாய்ச்சொல்லை மட்டும் ஏற்போர் குறைந்தனர்.

இன்று பணம் பெற்றுக்கொண்டு கையொப்பத்தைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை அறிந்த ஒப்பங்களோடு ஒப்பிட்டுத் தம் அபிப்பிராயத்தையே கூறுகின்றன. எழுதும்போது அருகில் நின்றவை அல்ல. எனவேதான், தம் ஊழியர் முன்னிலையில் ஒப்பமிடுவித்து அங்கேயே முத்திரை ஒட்டும் முறைக்குச் சேகரிப்போர் கூடுதல் மதிப்பளிக்கின்றனர். ஊரிற் காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் கூடவே இருப்பதற்கு ஒப்பானது இது.

பொதியிலிருந்து வந்ததென்பதற்காகவும் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. அமெரிக்கக் காற்பந்து வீரரொருவரின் பெயரில் வெளியான சில அட்டைகளில் இருந்தவை இயந்திரத்தால் எழுதப்பட்டவையெனக் கூறி, 2017இல் சான்றளிக்கும் நிறுவனமொன்று அவற்றை ஏற்க மறுத்தது. ஆகவே வாங்குமுன் அட்டையின் பின்புறத்தை வாசியுங்கள். ஒப்பமிட்டதை நிறுவனம் நேரிற் கண்டதாகக் கூறுகிறதா, உத்தரவாதம் மட்டும் தருகிறதா? ஒட்டியுள்ள சட்டைத்துண்டு ஆட்டத்தில் அணிந்ததா, அன்றி எந்த ஆட்டத்தோடும் தொடர்பற்றதா? சிறிய எழுத்திலேயே பெரிய வித்தியாசம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் விளக்கியபின், "உன் கண் கண்டது உண்மை. ஆனால் உன் கண்ணைக் கடைக்காரர் விலைக்கு வாங்க முடியாதே" என்றோம். மகன் மௌனமானான்.

அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நண்பர் எழுந்தார். தமது அகதிக் கோரிக்கை விசாரணையில், தாம் அனுபவித்ததைச் சொன்னபோது "கடதாசி எங்கே?" என்று கேட்கப்பட்டவர் அவர். ஒரு வெள்ளைத்தாளில் திகதியையும் இடத்தையும் எழுதி, "என் மகன் கேட்க, இவ்வீரர் என் கண்முன் ஒப்பமிட்டார்" எனத் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டார். இதனால் அட்டையின் விலை ஒரு சதமேனும் உயரப்போவதில்லை என்பதை அவரும் அறிவார்.

மகன் தாளை மடித்து அட்டையோடு உறைக்குள் வைத்தான். இரண்டாவது சாட்சியாக எம்மையும் ஒப்பமிடுமாறு கேட்டான். நாம் அங்கு நின்றவர்களல்லர், ஆகையால் மறுத்துவிட்டோம். அதன் காரணம் அவனுக்கு உடனே விளங்கிற்று.