கப்பலுக்கு வழி சொல்பவர்

பெங்களூரில் கடல் இல்லை. ஆனாலும் கடல் கடந்து வந்த பொருள்கள் நீலசந்திராவிலும் உண்டு. வெளிநாட்டுச் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. அதில் ஒரு பகுதி ரயிலில் ஒயிட்பீல்டுக்கு வருகிறது.

துறைமுகத்துக்குள் கப்பல் எப்படி நுழைகிறது தெரியுமா?

பெரிய கப்பலால் சட்டென்று நிற்க முடியாது. எஞ்சினை நிறுத்தினாலும் வெகுதூரம் ஓடித்தான் நிற்கும். வெளியூர் மாலுமிக்கு இந்தக் கடலின் ஆழமும் நீரோட்டமும் பழக்கம் இல்லை. அதனால் துறைமுகத்திலிருந்து பைலட் ஒருவர் படகில் போவார். இவர் விமானம் ஓட்டுபவர் அல்ல, கப்பலுக்கு வழி சொல்பவர். ஓடும் கப்பலில் தொங்கும் கயிற்று ஏணியைப் பிடித்து ஏறுவார். கால் தவறினால் கடல்தான்!

உள்ளே வந்ததும் இழுவைப் படகுகள் உதவும். கப்பலை இழுத்தும் தள்ளியும் மேடையோரம் சேர்க்கும்.

கரையில் இருப்பவர்கள் ராடார் திரையில் கப்பல்களைக் கவனிப்பார்கள். வயர்லெஸ்சில் பேசி எச்சரிப்பார்கள். புயல் வந்தால் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். பெரும்புயல் என்றால் கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்புவார்கள். துறைமுகத்தில் நின்றால் சுவரில் மோதி உடையலாம்.

இவ்வளவு காவல் எதற்கு?

2017 ஜனவரி 28, விடியும் முன் நேரம். சென்னைக்கு வடக்கே எண்ணூர். அங்குள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று உள்ளே வந்த கப்பல். மற்றது வெளியே போன கப்பல். எண்ணெய் கடலில் கொட்டியது. கரை கறுத்தது. மக்கள் வாளிகளால் எண்ணெயை அள்ளினார்கள். மீன் வாங்க ஜனங்கள் பயந்தார்கள். மீனவர் பிழைப்பு கெட்டது.

மோதியது கப்பல்கள். கஷ்டப்பட்டது கரையில் வாழ்ந்தவர்கள். அதற்குத்தான் இந்தக் காவல்.