உஷார்! பக்கத்து டர்ஃப் வலையை அண்ணாந்து பாருங்கள்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை குடியிருப்பவர்களே, உங்கள் வீட்டை ஒட்டி டர்ஃப் மைதானம் இருக்கிறதா? ஐப்பசி மழை பிடிப்பதற்குள் மாடியேறி அதன் வலையையும் கம்பங்களையும் நன்றாகப் பார்த்துவிடுங்கள். பந்து மண்டையில் விழுந்த பிறகோ, கம்பம் கூரையில் சாய்ந்த பிறகோ பார்த்துப் பயனில்லை.

வடசென்னைக்கு இப்போது வந்திருப்பது பாக்ஸ் கிரிக்கெட். பழைய குடோன் மனையிலும், லாரி நின்ற காலி இடத்திலும் செயற்கைப் புல்லை விரித்து, இரும்புக் கம்பம் நட்டு, வலை கட்டி, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். ஆட இடமில்லாத பிள்ளைகளுக்கு நல்ல விஷயம்தான். ஆனால் வலைக்கு அந்தப்புறம் துணி காயும் மொட்டைமாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, குழந்தைகள் ஓடும் சந்து. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த வலை ஒன்றுதான்.

முதல் ஆபத்து, மேல்வலை. பக்கவலை 30 அடி இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். வலையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்பவர் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் 45 டிகிரி கோணத்தில் தூக்கி அடித்தால், கணக்குப்படி பந்து வலையருகே சுமார் 45 அடி உயரத்தில் இருக்கும். காற்றின் தடையைக் கழித்தாலும் 30 அடியைத் தாண்டிவிடும். மேலே வலை மூடாத மைதானமும், மூடிய வலை கிழிந்து தொங்கும் மைதானமும் ஒன்றுதான். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள் அடங்கும். ஆனால் லெதர் பந்து ஏறக்குறைய 160 கிராம். வலை எந்தப் பந்துக்காகக் கட்டப்பட்டது, உள்ளே எந்தப் பந்தில் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்.

வலை எவ்வளவு நாள் தாங்கும்? காசிமேட்டில் வலை பின்னுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: வெயிலிலேயே கிடக்கும் நைலான் இற்றுப்போகும். பார்வைக்கு முழுசாகத் தெரியும், இழுத்தால் பிரியும்.

இரண்டாவது ஆபத்து, கம்பம். கடலோர உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மணலி, எண்ணூர் ஆலைப்புகையிலுள்ள கந்தக வாயுக்கள் ஈரத்தோடு சேர்ந்து அதை இன்னும் வேகமாக அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். கான்கிரீட்டைத் தொடும் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்கி, குழாய் உள்ளுக்குள்ளேயே உளுத்திருக்கும். போதாக்குறைக்கு வலையில் ஃபிளெக்ஸ் பேனர் வேறு கட்டுகிறார்கள். வெறும் வலையில் காற்று பெரும்பாலும் புகுந்து போய்விடும். பேனர் கட்டிய வலை பாய்மரம் மாதிரி மொத்தக் காற்றையும் வாங்கிக் கம்பத்தின் மேல் சுமத்தும். காற்றை வாங்கும் பலகை என்ன செய்யும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. கோவை கருமத்தம்பட்டியில் 2023 ஜூன் 1 அன்று விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று ராட்சதப் பலகை விழுந்து 17 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் நம் ஊர் மரங்களை என்ன செய்தது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம்.

மூன்றாவது ஆபத்து, மின்கம்பி. கட்டடத்துக்கும் 11 கிலோவோல்ட் வரையிலான மின்கம்பிக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. வலைக்கம்பமோ, அதை இழுத்துக் கட்டிய கம்பிக்கயிறோ மின்கம்பிக்கு அருகில் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மின்சாரம் பாய்ந்தால், மழையில் நனைந்த கம்பம் ஆளைக் கொல்லும்.

சட்டம் என்ன சொல்கிறது? பந்து வீட்டுக்குள் விழும் வழக்கு உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் சாலையில் நின்ற பெண் மீது கிரிக்கெட் பந்து பட்ட வழக்கில், 1951-இல் மைதானத்துக்காரர்கள் தப்பித்தார்கள். சுமார் 30 ஆண்டுகளில் ஆறு முறை போலத்தான் பந்து சாலைக்குப் போயிருந்தது என்பது முக்கியக் காரணம். 1977-இல் லின்ட்ஸ் என்ற கிராமத்து வழக்கில் சீசன்தோறும் பந்து தோட்டத்தில் விழுந்துகொண்டிருந்தது. அங்கே கிளப் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு மட்டும் தடை இல்லை. ஆக, பந்து எத்தனை முறை வந்தது என்பதே வழக்கின் உயிர்.

நம் சட்டத்திலும் வழி உண்டு. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தாக அலட்சியமாக நடப்பது பாரதிய நியாய சன்ஹிதா 125-ஆம் பிரிவின்படி குற்றம். அக்கம்பக்கத்தார் மேல் விழுந்து காயப்படுத்தக்கூடிய கட்டமைப்பைச் சரிசெய்யவோ அகற்றவோ உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவு கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. விபத்து நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

உடனே செய்ய வேண்டியவை:

பந்து விழுந்தால் தேதி, நேரம் குறித்துப் படம் எடுத்து வையுங்கள். கோபத்தில் பந்தை ஒளித்துவைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள்.

தெருக்காரர்கள் சேர்ந்து உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: மேல்வலை எப்போது மாற்றியது, கம்பத்தின் உறுதியைப் பொறியாளர் பார்த்தாரா, புயல் எச்சரிக்கை வந்தால் வலையை இறக்குவது யார், மாநகராட்சி உரிமம் இருக்கிறதா. பேனர்களை அவிழ்க்கச் சொல்லுங்கள்.

பதில் வராவிட்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு 1-வது மண்டல அலுவலகம், ராயபுரத்தாருக்கு 5-வது மண்டலம். மின்கம்பி விஷயத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. இரவு 10 மணிக்கு மேல் மைக்கும் ஸ்பீக்கரும் அலறினால் காவல் நிலையத்தில் சொல்லலாம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்துகின்றன.

டர்ஃப் நடத்தும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. மைதானத்தை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வலையைச் சரியாக வைத்திருப்பது உங்கள் கடமை, பக்கத்து வீட்டாரின் பொறுமையில் விடக்கூடிய காரியம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் கம்பத்தைச் சோதியுங்கள், மேல்வலையை மாற்றுங்கள். அதுவரை லெதர் பந்தை உள்ளே விடாதீர்கள்.