கடற்பாசியும் குடற்சுவரும்

நாம் உண்ணும் உணவுக்கும் நம் உடலின் உட்பகுதிக்கும் இடையே நிற்கும் வேலி எத்துணைக் கனமுடையது? குடலின் உட்புறத்தே ஒற்றை வரிசையாக அமைந்த உயிரணுக்களே அவ்வேலி. அவற்றைப் புரதக் கட்டுக்கள் இறுகப் பிணைத்து நிற்கின்றன. சில நாட்களுக்குள் பழைய அணுக்கள் உதிர, புதியவை அவற்றின் இடத்தைப் பெறுகின்றன.

நோய்க்கிருமி புகுந்தால் உடல் அதை எதிர்க்கிறது. அவ்விடம் சிவந்து வீங்குகிறது. இதுவே அழற்சி. இது நம்மைக் காப்பதற்கான செயலே. ஆனால், போர் ஓயாது நீடித்தால் வேலியே சிதைகிறது. கட்டுக்கள் தளர, இடைவெளி வழியே கிருமிகள் நுழைய, அழற்சி மேலும் ஓங்குகிறது. பெருங்குடற் புண் போன்ற நெடுநாள் நோய்களில் இச்சுழலைக் காண்கிறோம்.

இதனைத் தணிக்கும் பொருளைத் தேடிய விஞ்ஞானிகள் சிலர் கடலையும் நாடினர். பழுப்புநிறப் பாசிகளில் வழவழப்பான பொருளொன்று உண்டு. 1913-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஹரால்ட் கைலின் அதனைப் பிரித்தெடுத்தார். ஃபூக்காய்டன் என்பது அதன் இன்றைய பெயர். கந்தகம் சேர்ந்த சர்க்கரைத் தொடர் அது. நம் மன்னார் வளைகுடாவில் வளரும் சர்காசம் பாசியிலும் அது உண்டு. நம் செரிமான நீர்கள் அதனைச் சிதைப்பதில்லை. ஆகவே அதன் பெரும்பகுதி பெருங்குடல்வரை செல்கிறது.

சோதனைச்சாலையில் வளர்த்த குடல் அணுக்களோடு ஃபூக்காய்டனைச் சேர்த்து ஆராய்ந்தபோது, அவற்றின் கட்டுக்கள் வலுப்பெற்றதைக் கண்டனர். ஒகினாவாத் தீவு மக்கள் மொசுக்கு என்னும் பாசியை உண்பது வழக்கம். 2004-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் அதன் ஃபூக்காய்டனைக் குடலழற்சியுற்ற சுண்டெலிகளுக்கு உணவோடு ஊட்டினர். குடல் அணுக்கள் விடுக்கும் அழற்சித் தூதுப்பொருள் குறைந்தது. நோயின் கடுமையும் தணிந்தது.

அப்படியானால் பாசிச்சத்து யாவும் குடலுக்கு நன்மையே தருமா? செந்நிறப் பாசிகளில் காரஜீனன் என்ற பொருள் உண்டு. அதுவும் கந்தகம் சேர்ந்த சர்க்கரைத் தொடரே. அதனைச் சிறு துண்டுகளாகச் சிதைத்துக் கினிப்பன்றிகளுக்குக் கொடுத்தபோது, அவற்றின் பெருங்குடலில் புண் உண்டானதை 1969-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஒரே இனத்துப் பொருள்கள், விளைவோ நேர்மாறு. சர்க்கரையின் வகை, தொடரின் நீளம், கந்தகம் சேர்ந்த இடம், உட்கொள்ளும் அளவு ஆகிய யாவும் பயனை மாற்றக்கூடும்.

ஆகவே, மாணவர்களே, சுண்டெலிக்கு உதவியது மனிதனுக்கும் உதவுமா என்பதை நோயாளிகளிடையே முறையாகச் சோதித்த பின்னரே கூற இயலும். அதுவரை, குடல்நோய் உடையவர் மருத்துவர் தந்த மருந்தைக் கைவிட்டுப் பாசிச்சத்தை நாடுவது தகாது.