ஒரு முழ றேந்தை

காலிக்கும் மாத்தறைக்கும் இடையில் கடலை அணைத்தபடி அமைந்துள்ள சிறு பட்டினம் வெலிகம. சிங்களத்தில் இப்பெயருக்கு 'மணற் கிராமம்' என்று பொருள். வடக்கிலே பனையோலைப் பின்னல் வேலை செய்யும் பெண்கள் சிலரை அழைத்துக்கொண்டு அண்மையில் அங்கு சென்று வந்தோம். தென்னிலங்கைக் கைப்பணியாளர்கள் எவ்வாறு தொழில் செய்கிறார்கள், எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதை நேரிற் காண்பதே எமது நோக்கம். ஆனால் அங்கு நாம் கற்ற பாடம் வேறொன்று.

பஸ் வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் எம் கண்ணிற்பட்டவை வீதியோரக் கடைகளில் அடுக்கியிருந்த தயிர்ச் சட்டிகள். எருமைப் பாலைச் சுட்ட மண் சட்டியில் உறைய வைக்கிறார்கள். நீரை மண் உறிஞ்சிக்கொள்வதால் தயிர் கட்டியாகிறது. அதற்குமேல் கித்துள் பாணியை ஊற்றி உண்பது தெற்கின் வழக்கம். ஒரு சட்டி தயிர் விற்றால் மாடு வளர்ப்பவர், குயவர், கித்துள் சீவுபவர் ஆகிய மூவர் வீட்டிலும் அடுப்பெரியும் என்பதை எமது பெண்கள் உடனே கணக்கிட்டுவிட்டார்கள்.

தேநீர்க் கடையில் அவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கடைக்காரர் தமிழிலேயே பேசினார். வெலிகமவில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த காலிக் கல்வெட்டு சீனம், பாரசீகம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இந்தக் கரையில் எமது மொழி நேற்று வந்த விருந்தாளி அல்ல. அந்தக் கடைக்காரரே அன்று முழுவதும் எமக்கு மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார்.

பட்டினத்தின் ஓரத்தில் பாறையொன்றிற் செதுக்கப்பட்ட பெரிய போதிசத்துவர் சிலை நிற்கிறது. மக்கள் அதனைக் 'குஷ்டராஜ கல' என்று அழைக்கிறார்கள். தோல் நோயால் வருந்திய அரசன் ஒருவன் தெங்கின் பயனால் குணமடைந்தான் என்பது அவர்கள் கூறும் கதை. கதை எவ்வாறாயினும், இப்பகுதி மக்களைத் தென்னை வாழ வைக்கிறது என்பது உண்மை. மட்டைகளை நீரிற் பல மாதங்கள் ஊறவிட்டு, பின்னர் பெண்கள் அவற்றை மரக்கட்டையால் அடித்துத் தும்பு எடுக்கிறார்கள். ஊறிய மட்டையின் நாற்றம் உடுப்பிலும் கையிலும் ஒட்டிக்கொள்ளும். கயிறு திரிக்க ஒருவர் இராட்டைச் சுற்ற, மற்றவர்கள் தும்பை விட்டுக்கொண்டே பின்னோக்கி நடக்கிறார்கள். ஒரு நாளில் எத்தனை மைல் அப்படிப் பின்னோக்கி நடக்கிறார்களோ!

கடற்கரையில் வேறொரு காட்சி. அலைகளுக்கு நடுவே நாட்டிய கம்புகளில் அமர்ந்து தூண்டில் போடும் மீனவர்களை நாம் எல்லோரும் படங்களிற் பார்த்திருக்கிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தையொட்டிப் பரவிய முறை இது என்பர். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. இன்று கம்புகளில் ஏறுவோர் பலர் மீனுக்காக அன்றி, உல்லாசப் பயணிகளின் படத்துக்காகவே ஏறுகிறார்கள். அவர்களைக் குறை கூற எமக்கு மனம் வரவில்லை. மீனை விடப் படம் கூடுதலாகக் கொடுக்கும்போது, பிள்ளைகள் உள்ள மனிதன் எதைத் தெரிவான்?

மாலையில் றேந்தை பின்னும் தாயொருவரின் வீட்டுக்குச் சென்றோம். 'றேந்தை' போர்த்துக்கேயச் சொல். அதைப் பின்னும் சிறு மரக்குச்சிகளைச் சிங்களத்தில் 'பீரலு' என்கிறார்கள். அதுவும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததே. உருளைத் தலையணை ஒன்றின்மேல் கோலம் குத்திய கடதாசியைச் சுற்றி, ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளைச் சோடி சோடியாக மாற்றி முறுக்குகிறார்கள். குறுக்கே விடுவது, முறுக்குவது ஆகிய இரண்டே அசைவுகளிலிருந்து பூவும் இலையும் பிறக்கின்றன. குச்சிகள் மோதும் 'டக் டக்' ஓசை திண்ணை முழுவதும் கேட்டது. எமது பெண்கள் மொழி தெரியாமலே அருகில் அமர்ந்து, விரல்களைப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஓலை பின்னும் விரல்களுக்கு நூல் பின்னும் விரல்களின் பாஷை புரிந்தது.

அந்தத் தாயின் மகள் இத்தொழிலைப் பழகவில்லை. கொக்கலை ஏற்றுமதி வலயத்தில் ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்கிறாள். "மாதம் முடிந்தால் சம்பளம் வரும், றேந்தைக்கு யார் வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்" என்று அவள் கூறியதாக எமக்கு மொழிபெயர்த்தார்கள்.

புறப்படும் வேளையில் ஒரு துண்டு றேந்தை வாங்க விரும்பினோம். விலையைக் கேட்டதும், பழக்கதோஷத்தால் குறைத்துக் கேட்டோம். அத்தாய் ஒரு கணம் எம்மைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அப்போது எமது குழுவில் மூத்த பெண் ஒருவர், இதைப் பின்ன எவ்வளவு நேரம் சென்றது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் விசாரித்தார். இரண்டு நாட்கள் என்று பதில் வந்தது. அவர் எம் பக்கம் திரும்பி, "சுவாமி, எங்கட பெட்டிக்கு ஆரும் விலை குறைச்சுக் கேட்டால் உங்களுக்குக் கோவம் வரும். இது மட்டும் என்னவாம்?" என்றார்.

நாம் தலைகுனிந்தோம். கேட்ட விலையை முழுமையாகக் கொடுத்தோம். அதனால் அந்தத் தவறு அழிந்துவிடவில்லை. இடைத்தரகர்களைப் பற்றி எத்தனையோ கருத்தரங்குகளிற் பேசியிருக்கிறோம். அன்று அந்தத் திண்ணையில் இடைத்தரகரின் குரல் எமது வாயிலிருந்தே வந்தது.

கைப்பணிகள் அழிகின்றன என்று வருந்துவது எளிது. கைப்பணியாளரின் நாட்களுக்கு உரிய கூலி கிடைக்காவிட்டால் அவர்களின் மகள் ஏன் அதைப் பழக வேண்டும்? குழுவாகச் சேர்ந்து நேரடியாக விற்க உதவுவது எம் போன்றோரின் பணி. வாங்குவோர் அனைவருக்கும் ஒரு சிறு பணி உண்டு. இனி ஓலைப் பெட்டியோ, கயிறோ, றேந்தையோ வாங்கும்போது, விலை என்ன என்று கேட்பதற்கு முன், இதைச் செய்ய எத்தனை நாள் சென்றது என்று கேட்போம்.