உங்களுக்குத் தெரியுமா? எக்கிட்னாவின் முள் வெறும் முடிதான்!

ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழும் எக்கிட்னாவைப் படத்தில் பார்த்தால் முள்ளம்பன்றி என்றே தோன்றும். இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. முட்டையிட்டுப் பாலூட்டும் அபூர்வ விலங்கு எக்கிட்னா. பிளாட்டிபஸ்தான் இதற்குச் சொந்தக்கார விலங்கு.

முதுகை மூடியிருக்கும் முட்கள் சுமார் 5 செ.மீ. நீளம். நம் நகத்திலும் முடியிலும் இருக்கும் அதே கெரட்டின்தான் இவற்றிலும். முட்களுக்கிடையே ரோமமும் உண்டு. குளிர் மிகுந்த டாஸ்மேனியாவில் அது அடர்ந்து வளர்ந்து முட்களையே மறைத்துவிடும்.

எக்கிட்னா முள்ளை எறியாது. தோலுக்கு அடியிலுள்ள தசைகளால் அசைக்கும், அவ்வளவுதான். ஆனால் அதுவே போதும். ஆபத்து வந்தால் நின்ற இடத்திலேயே நான்கு கால்களாலும் மண்ணைத் தோண்டி நேர்கீழாக இறங்கிவிடும். வெளியே தெரிவது முள் மட்டுமே. பாறை இடுக்கில் புகுந்தால் முட்களை விரித்து இறுகிக்கொள்ளும். பிடித்து இழுப்பது பெரும்பாடு. தரை கெட்டியாக இருந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். இந்த முட்களுக்கிடையே சொறிந்து சுத்தம் செய்யவென்றே பின்னங்காலில் ஒரு நகம் நீண்டு வளைந்திருக்கிறது!

முட்டை சுமார் 10 நாளில் பொரியும். தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. வயிற்றுப் பையின் தோலில் சுரக்கும் பாலைக் குட்டி உறிஞ்சிக் குடிக்கும். சுமார் 50 நாளில் குட்டிக்கு முள் முளைக்கத் தொடங்கும். அதன் பிறகு அதைப் பையில் சுமக்க முடியுமா? தாய் அதை வளையில் விட்டு இரைதேடப் போய்விடும். சில நாட்களுக்கு ஒருமுறை வந்து பால் கொடுக்கும். குட்டி பால் மறக்க ஆறேழு மாதமாகும்.