விதைக்குள் இருக்கும் காவற்காரன்!

விழுப்புரம் சந்திப்பிலே வண்டி மாறித் திண்டிவனம் போகிற தோழர்கள், முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நிலையங்கள் ஓடுகிறபோது சன்னல் வழியே பார்த்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையிலே, மழையும் காற்றும் அடித்து ஓய்ந்த பிறகு, சில சம்பா வயல்களிலே பச்சைக்கு நடுவே திட்டுத் திட்டாக வைக்கோல் நிறம் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது விளைந்த கதிரின் நிறம்போலத் தோன்றும். விளைச்சல் அல்ல அது, கருகல்! இலையின் நுனியிலே தொடங்கி, ஓரத்தின் வழியே அலை அலையாகக் கீழிறங்கி, இலை முழுவதையும் உலர்த்திவிடுகிற பாக்டீரியா இலைக் கருகல் நோய்.

இலைதான் பயிருக்கு அடுப்பங்கரை. அங்கே நெருப்பு அணைந்தால் கதிரிலே பால் ஏறாது. பால் ஏறாத மணி களத்திலே பதராகப் பறக்கும். அரைகுறையாக ஏறியது ஆலையிலே நொய்யாக உடையும். குத்தகை குறைந்ததா? இல்லை. யூரியாக் கடன் குறைந்ததா? அதுவும் இல்லை. குறைந்தது உழுதவன் பங்கு, அறுத்தவள் கூலி, ஆலையிலே மூட்டை தூக்குகிறவன் வேலைநாள்! ஆகவேதான் விதையைப் பற்றிய இந்தச் செய்தியை உழவர் மட்டுமல்ல, தொழிலாளத் தோழர்களும் படிக்கவேண்டும் என்கிறோம்.

மருந்து அடித்தால் தீராதா என்று கேட்பீர்கள். இந்தக் கிருமி, காற்றிலே இலையோடு இலை உராய்ந்த கீறல் வழியே நுழைந்து, பயிரின் நீர்க்குழாய்களிலேயே குடித்தனம் நடத்துவது. கடைக்காரர் தரும் மருந்து இலையின் மேலே வழியும். உள்ளே இருப்பதைத் தொடுவது அரிது. வேளாண்மைப் பல்கலைக்கழகமே 20 சதவீதச் சாணிக் கரைசலைத் தெளிக்கச் சொல்லியிருக்கிறது என்றால், மருந்துப் புட்டியின் வல்லமை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். (சாணியையும் கட்டிப்போட்டு விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள், அது வேறு கதை.)

வெளியே இருந்து காக்க முடியாத வீட்டுக்கு, உள்ளேயே காவற்காரன் வேண்டும். அந்தக் காவற்காரன்தான் விதைக்குள் இருக்கும் பரம்பரைக் கூறு. மரபணு என்கிறோமே, அது! நோயைத் தாங்கும் குணம் தெய்வம் கொடுத்த வரமல்ல, நல்ல நாள் பார்த்து விதைத்த பலனுமல்ல. அது தாய் தந்தையிடமிருந்து கணக்குத் தவறாமல் இறங்கி வருவது என்று 1905ஆம் ஆண்டிலே கோதுமைப் பயிரை வைத்துக் காட்டினார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிஃபென். நம் நாடு அதிகம் பின்தங்கிவிடவில்லை. 1912இலே கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. 1919இலே தஞ்சைக் கழனிகளைக் குலை நோய் சூறையாடியது. கோவையிலே பணியாற்றிய கே. ராமையா முதலானோர், அந்த நோயைத் தாங்கும் ஆனைக்கொம்பனை (கோ 4 என்பது அதன் ஆராய்ச்சிப் பெயர்) ஆடுதுறை 10 உடன் கலந்து, கோ 25 என்ற நெல்லைத் தந்தனர். அந்த ராமையாதான் பின்னர் கட்டாக் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர்.

இன்னொரு கதை நமக்கு மேலும் பக்கத்திலே நடந்தது. திண்டிவனத்துக்கு வடக்கே, திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் நிலையத்தில் 1952இலே வெளிவந்தது டி.கே.எம். 6. டி.எம்.வி. என்றால் திண்டிவனத்துக் கடலை என்று அறிந்த நம் உழவருக்கு, டி.கே.எம். என்றால் திரூர்க்குப்பத்து நெல் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நெல் கப்பலேறிப் பிலிப்பைன்ஸ் போயிற்று. லாஸ் பானோசில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதைத் தங்கள் குட்டை நெல்லோடு கலந்தார்கள். 1969இலே ஐ.ஆர். 20 பிறந்தது! கருகலைத் தாங்கும் எக்ஸ்.ஏ. 4 என்ற மரபணு அதற்கு எங்கிருந்து வந்தது? நம் திரூர்க்குப்பத்து நெல்லிலிருந்து! நம் சரக்கே புதுச் சட்டை போட்டு நம்மூர் வயலுக்குத் திரும்பி வந்தது.

ஆனால் அதே எக்ஸ்.ஏ. 4, ரகம் ரகமாகப் பரப்பப்பட்ட பிலிப்பைன்சிலேயே சில ஆண்டுகளில் தோற்றது. ஏன்? பூட்டு ஒன்றாக இருந்தால், திருடனுக்குக் கள்ளச் சாவி ஒன்று போதும். ஊரெல்லாம் ஒரே பூட்டு என்றால் அவனுக்குக் கொண்டாட்டம்! கிருமிகள் கோடி கோடியாகப் பெருகுகையில், அந்தப் பூட்டைத் திறக்க வல்ல ஒரு வகை தலைதூக்கும். பிறகு வயல் முழுவதும் அதன் ஆட்சிதான்.

சரி, மூன்று பூட்டுப் போட்டால்?

அதைத்தான் செய்தார்கள் ஐதராபாத்தில். பாபட்லாவில் பிறந்து 1986இலே வெளியான பி.பி.டி. 5204, சம்பா மசூரி, விழுப்புரம் பக்கத்து உழவர் நன்கு அறிந்த நெல். சோற்றுக்கு அருமையானது, கருகலுக்கோ ஏமாளி! அங்குள்ள நெல் ஆராய்ச்சி இயக்ககமும் மூலக்கூறு உயிரியல் மையமும் சேர்ந்து அதிலே எக்ஸ்.ஏ. 5, 13, 21 என்ற மூன்றையும் ஏற்றின. இதில் 5, 13 இரண்டும் தாயும் தந்தையும் சேர்ந்து கொடுத்தால்தான் வேலை செய்யும். 21 ஒன்று இருந்தாலே பயிர் பிழைத்துக்கொள்ளும்; மற்ற இரண்டும் உள்ளே இருக்கின்றனவா என்று கண்ணால் காண முடியாது. ஆகவே நாற்றின் இலையைக் கிள்ளி, ஆய்வுக்கூடத்தில் மரபணுவின் அடையாளத்தைத் தேடித் தேடித் தேர்ந்தார்கள். வெறும் கலப்பினம்தான் இது. ஊசியால் அயல் மரபணுவைச் செலுத்தியதல்ல.

அந்த 13இன் வேலை விந்தையானது. கிருமி உள்ளே வந்ததும் பயிரின் சர்க்கரை மடையைத் திறக்கும் விசையைத் தானே அழுத்தும். சர்க்கரை பாயும், கிருமி கொழுக்கும். இந்த விதையிலோ விசையின் அமைப்பே மாறியிருக்கிறது. கிருமி அழுத்துகிறது, அழுத்துகிறது, மடை திறக்கவில்லை!

21 வந்த வழியும் அறியத்தக்கது. ஆப்பிரிக்காவிலே, மாலி நாட்டின் காட்டு நெல் ஒன்றுதான் அதன் தாயகம். ஏழை நாட்டுப் புல்லிலிருந்த அந்த மரபணுவுக்கு, 1990களிலே காப்புரிமைப் பத்திரம் எழுதிக்கொண்டது அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம்! மாலிக்கும் பங்கு வேண்டும் என்று, ஆய்வை நடத்திய பமீலா ரொனால்ட் அம்மையாரே நிதி ஒன்றுக்கு ஏற்பாடு செய்ய நேர்ந்தது. விதை வங்கியும் ஆராய்ச்சி நிலையமும் மக்கள் கையில் இருக்கவேண்டும் என்று நாம் ஏன் கத்துகிறோம் என்பது இப்போது விளங்குகிறதா?

ஐதராபாத்து நெல் 2008இலே வெளியிடப்பட்டது. மேம்படுத்திய சம்பா மசூரி என்று பெயர், ஆர்.பி. பயோ 226 என்பது அதன் எண். அதே மணி, அதே சோறு. குலை நோய்க்கு இது காவல் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம், கருகல் ஒன்றுக்குத்தான். பொதுப் பணத்தில் உருவான இந்த விதை விழுப்புரம், திண்டிவனம் வேளாண் விரிவாக்க மையங்களுக்கு எத்தனை மூட்டை வந்தது, யாருக்குப் போனது? ஆவணியிலே நாற்றங்கால் விடுவதற்கு முன்னே, கிளைத் தோழர்கள் நாலு உழவரோடு போய் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்கட்டும். இல்லை என்றால், எப்போது வரும் என்று எழுத்திலே பதில் வாங்கி வரட்டும்.

ஒருமுறை வாங்கினால் ஆண்டுதோறும் கடைக்கு ஓடவேண்டியதில்லை. வீரிய ஒட்டு அல்ல இது. நெல் தன் மகரந்தத்தால் தானே மணி பிடிக்கும் பயிர். கலப்பைக் களைந்து, தனியே அறுத்து, நன்றாக உலர்த்தி வைத்தால் அடுத்த இரண்டு மூன்று போகத்துக்கும் அதுவே விதை. பக்கத்து வயல்காரருக்கும் இரண்டு மரக்கால் அளக்கலாம்.